பட்டை தெரியவில்லை, நடுங்குகிறது, எண் பொருந்தவில்லை: வீட்டில் கட்டிய லேசர் இன்டர்ஃபெரோமீட்டரில் பிழை தேடும் முறை

பெங்களூரில் லேசர் இன்டர்ஃபெரோமீட்டரைத் தாங்களே கட்டிப் பார்க்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். பீன்யாவில் டூல் ரூம் வேலை பார்ப்பவர்கள், அல்சூரில் மொட்டைமாடி அறையில் சிஎன்சி, அதாவது கணினி இயக்கும் வெட்டு இயந்திரம் கட்டும் மாணவர்கள், பொதுத்துறை ஆலையில் ஓய்வு பெற்று வீட்டில் சின்ன லேத் வைத்திருப்பவர்கள். எல்லோருடைய தேவையும் ஏறக்குறைய ஒன்றுதான். லீட் ஸ்க்ரூவை ஒரு சுற்று சுற்றினால் மேசை உண்மையில் எவ்வளவு நகர்கிறது என்பது மைக்ரான் கணக்கில் தெரிய வேண்டும். இந்த வழிமுறை அவர்களுக்காக.

அமைப்பு எளியது. லேசர் ஒளி பீம் ஸ்ப்ளிட்டரில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கற்றை அசையாத கண்ணாடிக்கும் மற்றொன்று நகரும் கண்ணாடிக்கும் போய்த் திரும்புகிறது. இரண்டும் மீண்டும் சேரும் இடத்தில் சுவரில் கருப்பும் சிவப்புமாகப் பட்டைகள் விழுகின்றன. ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் ஒளியில், நகரும் கண்ணாடி 316.4 நானோமீட்டர் நகர்ந்தால் ஒரு பட்டை கடந்துபோகும். இவ்வளவு நுட்பமான கருவியில் நீங்கள் கேட்காதவையும் பதிவாகும்: மூச்சுக்காற்று, மாடிப்படியில் ஏறுபவரின் காலடி, அடிப்பலகையின் வெப்பம். பிழை தேடுவது என்றால், இப்போது பட்டையில் தெரிவது இவற்றில் எது என்று பிரித்தறிவது. அதனால் கண்ணாடியைச் சாய்க்கும் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் பட்டை என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையா, மங்கலா, நடுங்குகிறதா, நழுவுகிறதா, சாய்கிறதா? காரணத்துக்கு நேரான வழி அதுதான்.

கையில் எப்போதும் ஒரு கருப்பு அட்டை இருக்கட்டும். ஒரு கையை, அதாவது ஒரு கண்ணாடிக்குப் போகும் கற்றையை, அட்டையால் மறைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் பாதி.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 1 மில்லிவாட்டுக்கு மேல் போகாத லேசரே இதற்குப் போதும். கற்றை ஓடும் உயரம் உட்கார்ந்தவரின் கண் உயரமாக இருக்கக் கூடாது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். மலிவான பச்சை பாயின்டர் வேண்டவே வேண்டாம். உள்ளே 808 நானோமீட்டர் டையோடு ஒரு படிகத்தை ஏற்றி, 1064 நானோமீட்டர் ஒளி பிறந்து, அது பாதியாகி 532 ஆக வெளிவருகிறது. வடிகட்டி இல்லாத பாயின்டரில் அந்த அகச்சிவப்பு ஒளியும் கூடவே வரும். அது கண்ணுக்குத் தெரியாது. இமையும் தானாக மூடாது.

பட்டையே தெரியவில்லை

முதலில், கற்றையை விரித்துச் சுவரில் விழச் செய்யும் லென்ஸை எடுத்துவிடுங்கள். சுவரில் பல புள்ளிகள் தெரியும். அட்டையால் ஒவ்வொரு கையையும் மறைத்து, எந்தப் புள்ளி எந்தக் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். மங்கலானவை ஸ்ப்ளிட்டரின் பின்முகத்திலிருந்து எழும் பேய்ப் பிம்பங்கள், அவற்றை விட்டுவிடலாம். பிரகாசமான இரண்டைச் சேர்க்க வேண்டும். சுவரில் மட்டும் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஸ்ப்ளிட்டருக்குப் பக்கத்திலும் அவை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க வேண்டும், தூரத்துச் சுவரிலும் இருக்க வேண்டும். சுவரில் மட்டும் சேர்ந்தால் இரண்டு கற்றைகளும் கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன என்று பொருள். பட்டை இடைவெளி என்பது அலைநீளத்தை அந்தக் கோணத்தால் வகுத்தது. ஒரு மில்லிரேடியன் கோணம், அதாவது ஒரு மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் விலகல் இருந்தால் பட்டைகள் 0.63 மி.மீ. இடைவெளியில் நெருங்கிவிடும். அதில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 6.3 மி.மீ. அங்குதான் கண்ணுக்கு வசதி. பட்டை இல்லை என்று முடிவு கட்டும் முன், சுவரைத் தொடும் அளவுக்குக் கிட்டே போய்ப் பாருங்கள். மெல்லிய நூல் போல இருக்கவும் கூடும்.

புள்ளிகள் இரண்டு இடத்திலும் சேர்ந்துவிட்டன, இன்னும் பட்டை இல்லை என்றால் கைகளின் நீளத்தைப் பாருங்கள். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சிவப்பு டையோடு மாட்யூலின் ஒளி, தன் அலை ஒழுங்கைக் காக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். சில மாட்யூல்கள் ஒரே மோடில் (ஒரே அதிர்வெண்ணில்) எரிந்து பல சென்டிமீட்டர் தாங்கும். வெப்பம் கொஞ்சம் மாறியதும் மோடு தாவி, இருந்த பட்டை மறைந்துவிடும். ஆகவே டையோடு வைத்திருப்பவர்கள் இரண்டு கைகளையும் ஸ்டீல் ஸ்கேலால் அளந்து சமமாக்கி, பிறகு நகரும் கண்ணாடியை மெல்ல உருட்டித் தேட வேண்டும்.

ஹீலியம்-நியானில் இந்தக் கெடுபிடி இல்லை; ஆனால் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. குழாயின் உள்கண்ணாடிகளுக்கு இடையே 25 செ.மீ. என்றால், கைகளின் நீள வித்தியாசம் 12.5 செ.மீ. வட்டாரத்தில் பட்டை மிக மங்கும், 25 செ.மீ.யில் மறுபடி தெளியும். குழாயில் ஒரே நேரத்தில் எரியும் பக்கத்துப் பக்கத்து மோடுகள் ஒன்றையொன்று கலைப்பதும் சேர்வதும்தான் காரணம். நீண்ட தூரம் அளக்கும்போது நடுவில் மட்டும் சமிக்ஞை செத்துப்போகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சுவரில் ஒளியே வரவில்லை, எல்லாம் லேசருக்கே திரும்பிப் போகிறது என்றால், உங்களிடம் இருப்பது தளவிளைவை, அதாவது ஒளி அதிரும் திசையை வைத்துப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் க்யூப். பழைய டிவிடி டிரைவிலும் புரொஜெக்டரிலும் கழற்றிய க்யூப் பல நேரம் இந்த வகைதான். ஒரு தளவிளைவை அது ஊடுருவ விடும், மற்றதைப் பிரதிபலிக்கும். வெறும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் தளவிளைவு மாறாததால் வந்த வழியே போய்விடுகிறது. ஒவ்வொரு கையிலும், தளவிளைவைத் திருப்பும் கால் அலைத்தகடு ஒன்றை 45 டிகிரியில் வைத்தால் ஒளி சுவருக்கு வரும். ஆனாலும் இரண்டு கற்றைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளவிளைவில் இருப்பதால் பட்டை தெரியாது. சுவருக்கு முன்னால், ஒரு தளவிளைவை மட்டும் விடும் போலரைசரை 45 டிகிரியில் பிடித்ததும் பட்டைகள் எழும். இந்தத் தொல்லை வேண்டாமென்றால் சாதாரண 50-50 க்யூப் வாங்கிவிடுங்கள்.

பட்டை இருக்கிறது, மங்கல்

இரண்டு கைகளின் ஒளியளவு சமமாக இல்லை என்று உடனே ஸ்ப்ளிட்டரைக் குறை சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு கை மற்றதைவிட நான்கு மடங்கு பிரகாசமாக இருந்தாலும் பட்டையின் தெளிவு 80 விழுக்காடு. பத்து மடங்கு வித்தியாசத்தில்கூட ஐம்பதுக்குக் கீழே போகாது. எனவே சமமின்மையைக் கடைசியில் பாருங்கள்.

முதல் சோதனை கைபேசி. ஷட்டர் நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடியாக வைத்துச் சுவரைப் படம் எடுங்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது படத்தில் கூர்மையாக வந்தால், கோளாறு ஒளியில் இல்லை, அதிர்வில் இருக்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள். படத்திலும் மங்கலென்றால் கை நீளம், தளவிளைவு, அழுக்கு என்ற வரிசையில் தேடுங்கள்.

பட்டைகளோடு வட்ட வட்டமாக வேறு கோலங்களும் தெரிந்தால் ஒரு கையை மறையுங்கள். வட்டங்கள் அப்படியே நின்றால் அவை லென்ஸில் ஒட்டிய தூசியாலோ, கண்ணாடியின் இரண்டு முகங்களாலோ வருபவை. குளியலறைக் கண்ணாடி இங்கே உதவாது. அதன் வெள்ளிப்பூச்சு பின்னால் இருப்பதால் முன்முகமும் பின்முகமும் தனித்தனியாக ஒளியைத் திருப்பும். ஸ்கேனர், ஜெராக்ஸ் இயந்திரங்களின் உள்ளே இருக்கும் முன்முகப் பூச்சுக் கண்ணாடி நல்லது. அதை விரலால் தொடவோ துணியால் துடைக்கவோ கூடாது. ஊதுபந்தால் காற்றடித்தால் போதும்.

மிகச் சரியாகச் சீரமைத்த பிறகு ஒளியளவு ஒழுங்கில்லாமல் துள்ளினால், திரும்பும் கற்றை லேசர் குழாய்க்குள்ளேயே நுழைகிறது. கண்ணாடியை ஒரு மயிரிழை சாய்த்து அதை வாயிலுக்குப் பக்கத்தில் விழச் செய்யுங்கள்.

பட்டை நடுங்குகிறது

இந்த ஊரில் இதுதான் பெரிய நோய். மெட்ரோ தூண், தண்ணீர் லாரி, போர் மோட்டார், மேல்வீட்டு மிக்ஸி எல்லாம் பட்டையில் தெரியும். இந்த அமைப்பை உருவாக்கிய இயற்பியலாளர் மைக்கேல்சன் 1881இல் பெர்லினில் தன் முதல் கருவியை வைத்தபோது தெருப் போக்குவரத்து நள்ளிரவிலும் அவரை விடவில்லை. கருவியைப் பாட்ஸ்டாம் வானாய்வகத்துக்குக் கொண்டுபோனார். 1887இல் கிளீவ்லாந்தில் மோர்லியோடு செய்தபோது, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் சதுரமும் ஓரடி தடிமனும் கொண்ட கல்லைப் பாதரசத்தில் மிதக்க விட்டார்கள். பாதரசத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதன் ஆவி நஞ்சு. ஆனால் கனமான கல், மெத்தென்ற ஆதாரம் என்ற எண்ணம் இன்றும் சரி.

சமையல் மேடைக்குப் போடும் கடப்பைக்கல்லோ, ஜிகணிப் பக்கம் கல்லறுக்கும் பட்டறையில் மிஞ்சிய கிரானைட் துண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஸ்கூட்டர் ட்யூப். காற்றை இறுக்கமாக அடிப்பவர்கள் அதிகம், அது தவறு. ஆதாரம் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு மெதுவாக ஆடும். மெதுவாக ஆடினால்தான் வேகமான அதிர்வு மேலே ஏறாது. சுருள்வில்லைப் போலக் கணக்கிட்டால், கல்லின் எடையில் 10 மி.மீ. அமுங்கும் ஆதாரம் நொடிக்குச் சுமார் 5 தடவை ஆடும். சாலை அதிர்வு பெரும்பாலும் 10 முதல் 20 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வருவதால் அதற்கு எதிராக நல்ல பலன் கிடைக்கும். ட்யூபைப் பாறை போல அடித்தால் கல்லும் தரையும் ஒன்றாகிவிடும்.

கல் வைத்தும் நடுக்கம் போகவில்லை என்றால் பிழை கல்லுக்கு மேலே. டூல் ரூமில் வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவர் எங்கள் மேசையைப் பார்த்ததும் சொன்னார்: “தம்பி, கல்லு கனமா இருக்கு, சரி. கண்ணாடி நிக்கிற கம்பி இவ்ளோ ஒசரம் எதுக்கு? குட்டையா, தடியா போடுங்க.” “லேசர் உயரத்துக்கு வரணும்ல அண்ணே” என்றதற்கு, “அப்ப லேசரை எறக்குங்க” என்றார். அவர் சொன்னதே சரி. கம்பியின் உயரத்தைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். எந்தக் கம்பி கோளாறு என்று கண்டுபிடிக்க, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு தாங்கியையும் மெல்லத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது பட்டை அதிக நேரம் ஆடுகிறதோ அதை முதலில் மாற்றுங்கள். காந்தத் தாங்கியும் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட தாங்கியும் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்கும்.

மின்விசிறியை அணைத்ததும் நடுக்கம் நின்றால் காரணம் அதுதான். நிற்காவிட்டால் லேசரின் பவர் சப்ளையில் இருக்கும் குட்டி விசிறியையும் சந்தேகியுங்கள்.

பட்டை மெல்ல நழுவுகிறது

எதையும் தொடவில்லை, பட்டை ஊர்கிறது. கற்றைக்குக் கீழே உள்ளங்கையைப் பிடியுங்கள். பட்டை அலையலையாக நெளிந்தால் கற்றை காற்றுக்குத் திறந்திருக்கிறது. மேலே தெர்மகோல் பெட்டி கவிழ்த்தால் அந்த நெளிவு அடங்கும். ஆனால் ஒரே திசையில், சீராக, மணிக்கணக்கில் ஊர்ந்தால் அது காற்று இல்லை, உலோகம். 20 செ.மீ. கையில் காற்று ஒரு டிகிரி சூடானால் அரைப் பட்டைதான் நகரும். அதே 20 செ.மீ. அலுமினியம் ஒரு டிகிரி சூடானால் 4.6 மைக்ரான் நீளும். அது 14 பட்டைக்கு மேல். இரண்டு கைகளும் ஒரே நீளத்தில், ஒரே பொருளின் மேல் இருந்தால் இந்த நீட்சி ஒன்றையொன்று கழித்துவிடும். ஒரு கை அலுமினியத்திலும் மற்றது கல்லிலும் நின்றால் கழிபடாது.

ஹீலியம்-நியான் குழாயை இப்போதுதான் ஏற்றினீர்கள், பட்டை நகரவில்லை, ஆனால் சமிக்ஞை ஏறி இறங்குகிறது என்றால் குழாய் சூடேறி நீள்கிறது. நீளும்போது மோடுகள் வரிசையாகக் கடந்துபோகின்றன. தளவிளைவு நிலைப்படுத்தாத குழாய்களில் பக்கத்துப் பக்கத்து மோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளவிளைவில் இருப்பதால், போலரைசர் வழியே பார்த்தால் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். சூடு நிலைப்பட நிலைப்பட இந்த ஊசல் மெதுவாகும். அரை மணி நேரம் எரிய விட்டு அளக்கத் தொடங்குங்கள்.

நகர்த்தினால் பட்டைகள் சாய்ந்து நெருங்குகின்றன

மேசை நகரும்போது கண்ணாடியும் சாய்கிறது. கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ அதன் இரண்டு மடங்கு கற்றை சாயும். சமதளக் கண்ணாடியை வைத்துக்கொண்டு இதோடு போராட வேண்டாம். நகரும் பக்கத்தில் கார்னர் க்யூப் வையுங்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள், எப்படிச் சாய்த்தாலும் ஒளியை வந்த திசைக்கே இணையாகத் திருப்பும். அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த பிரதிபலிப்பான்களும் இவைதான். பழைய பைனாகுலரின் போரோ பட்டகம் ஒரு திசைச் சாய்வை மட்டும் மன்னிக்கும். மேசை ஆடும் திசை அதுதான் என்றால் அதுவே போதும். பூச்சில்லாத கார்னர் க்யூப் தளவிளைவைக் கொஞ்சம் மாற்றிவிடும். பட்டை மங்கினால் க்யூபைத் தன் அச்சில் சுழற்றி, நல்ல இடத்தில் இறுக்குங்கள்.

எண்ணிக்கை கூடுகிறது, குறைகிறது

மேசையை 10 மி.மீ. முன்னே ஓட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். போகும்போது சுமார் 31,600 பட்டைகள். திரும்பியதும் சுழியத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால், பட்டையை எண்ண ஒரே ஒரு போட்டோடையோடு (ஒளியை மின்சமிக்ஞையாக்கும் உணரி) வைத்திருக்கிறீர்களா? ஒன்றுக்குத் திசை தெரியாது. பட்டை முன்னே போனாலும் பின்னே வந்தாலும் அதற்கு ஒன்றுதான். நடுக்கத்தையும் சேர்த்தே எண்ணும். கால் பட்டை இடைவெளியில் இரண்டாவது டையோடை வைத்து, இரண்டையும் ஆசிலோஸ்கோப்பில் எக்ஸ்-ஒய் முறையில் (ஒன்று கிடையாக, மற்றது நெடுக்காக) பாருங்கள். வட்டம் வந்தால் நலம். நீள்வட்டமாக நசுங்கினால் பட்டை இடைவெளி மாறியிருக்கிறது, கோடானால் இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. வட்டத்தின் ஓரம் மினுமினுத்தால் அறையின் விளக்கை அணையுங்கள். மின்விளக்கின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு டையோடில் விழுகிறது.

வேகமாக ஓட்டும்போது மட்டும் தவறினால் கணக்கிடும் சில்லு திணறுகிறது. நொடிக்கு 5 மி.மீ. என்றால் 15,800 பட்டைகள். இரண்டு டையோடின் சமிக்ஞையிலும் வரும் ஏற்ற இறக்க விளிம்புகளையெல்லாம் எண்ணினால் அதன் நான்கு மடங்கு. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணிப்பலகையின் இன்டரப்ட் அவ்வளவைத் தாங்காமல் போகலாம். தனி கவுன்டர் ஐசி போடுங்கள், அல்லது மெதுவாக ஓட்டுங்கள்.

எண்ணிக்கை சரி, நீளம் தவறு

முன்னும் பின்னும் சுழியம் சரியாக வருகிறது. ஸ்லிப் கேஜோடு (நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டை) ஒப்பிட்டால் எப்போதும் ஒரே விகிதத்தில் விலகுகிறது. பெங்களூரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் 910 ஹெக்டோபாஸ்கல் அளவு, கடற்கரையில் 1013. காற்று மெலிந்தால் அலைநீளம் நீளும். வெற்றிடத்தில் 632.991 நானோமீட்டரான ஒளி, 20 டிகிரியில், சென்னைக் கடற்கரையில் சுமார் 632.82, இங்கே 632.84. வித்தியாசம் பத்து லட்சத்தில் 27 பங்கு. 100 மி.மீ. அளந்தால் 2.7 மைக்ரான் பிழை. நூல்களில் அச்சிட்ட அலைநீளத்தை அப்படியே போட்டால் உங்கள் எண் எப்போதும் குறைவாகவே வரும்.

கைபேசியின் வானிலைச் செயலியில் அழுத்தம் பார்த்துப் போடலாமே என்றால், அங்கே மறுபடி சிக்கல். அது காட்டுவது கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே 1013 என்று பார்ப்பீர்கள். பிஎம்பி280 போன்ற காற்றழுத்த உணரியைக் கற்றைக்குப் பக்கத்திலேயே வைத்து, திருத்தாத எண்ணை எடுங்கள். வெப்பமானியும் அங்கேயே இருக்கட்டும். ஈரப்பதத்தின் பங்கு மிகச் சிறியது, இந்தக் கருவிக்கு விட்டுவிடலாம்.

விலகல் ஒரே விகிதத்தில் இல்லாமல், மேசையின் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் வந்தால் அபே பிழை. வெட்டுக்கருவி இருக்கும் கோட்டுக்கும் கற்றை ஓடும் கோட்டுக்கும் இடையே 50 மி.மீ. தூரம், மேசை ஓடும்போது 10 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள், 2.4 மைக்ரான் போய்விடும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890இலேயே சொன்ன தீர்வுதான் இன்றும்: அளக்கும் கோடும் அளக்கப்படும் கோடும் ஒன்றாக இருக்கட்டும். கார்னர் க்யூபை வெட்டுக்கருவியின் உயரத்துக்கே ஏற்றுங்கள். கற்றை நகர்வுக்கு இணையாக இல்லையோ என்று கவலைப்படுபவர்கள் அதைவிட அதிகம். அந்தப் பிழை ஒரு மில்லிரேடியனுக்குப் பத்து லட்சத்தில் அரைப் பங்குதான். ஒரு மாலை முழுக்க அதற்குச் செலவழிப்பதைவிட க்யூபை 30 மி.மீ. உயர்த்துவது பலன் தரும்.

காலையில் ஓர் எண், பிற்பகலில் வேறோர் எண் என்றால் ஸ்லிப் கேஜின் வெப்பத்தைப் பாருங்கள். எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 11.5 பங்கு நீளும். அதன் மேல் பொறித்த அளவு 20 டிகிரிக்கு உரியது. 27 டிகிரி அறையில் 100 மி.மீ. கேஜ் 8 மைக்ரான் நீளமாக இருக்கும். அதைக் கையால் பிடிக்காமல், இரவே கல்லின் மேல் வைத்துப் பெட்டியால் மூடிவிடுங்கள். காலையில் கல், கேஜ், காற்று மூன்றின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு அளந்து, கணக்கில் கழித்துவிடுங்கள்.